ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்

என் வீட்டுக்காரர் சந்தியோகுவைத் தேடிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் சும்மா கால் நோக நடப்பார்கள். கோவில் வாசலைப் பார்த்தால் போதும். வார் அறுந்து நைலோன் நூலால் தைத்த செருப்பு ஒரு சோடி அங்கே கிடந்தால், ஆள் உள்ளே கடைசி வாங்குப் பலகையில் இருக்கிறார் என்று அர்த்தம். நெடுந்தீவில் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

எதைச் செய்வதென்றாலும் அவருக்குக் கடவுளைக் கேட்க வேண்டும். வள்ளத்துக்கு என்ன நிறம் பூசுவது என்றுகூடக் கேட்டவர். நீலம் பூசலாம் என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். இவர் கோவிலுக்குப் போய் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்து, "நீலம்தான் நல்லது" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உதைத்தானே நான் நேற்றுச் சொன்னனான்?"

"ஓம், நீர் சொன்னது சரிதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பொய் அவர் வாயில் வராது. அதனால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் அண்ணனின் மகன் றெக்ஷனுக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் தகப்பன் இவரிடம் வந்து பொடியன் எப்படி என்று கேட்டார். "வெறியில்லாத நேரம் நல்ல பொடியன்" என்றார் இவர். கல்யாணம் அதோடு குழம்பிப் போனது. என் அண்ணன் ஒரு வருடம் எங்கள் படலை திறக்கவில்லை. "உங்களுக்கு என்ன விசரே? கொஞ்சம் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாமே" என்று நான் கத்தினேன். "கேட்டவையெல்லோ, யூலி. பொத்தினால் அந்தப் பிள்ளை என்ன பாடுபடும்?" என்றார். பிறகு அந்தப் பொடியன் குடியை விட்டான் என்பது வேறு கதை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டுதான் நான் மூன்று வருடம் ஒரு பொய்யை வளர்த்தேன். நாலு காலில் நடந்து, புல் மேய்ந்து, பால் குடித்து வளர்ந்த பொய்.

அந்த வருடம் இவருக்கு வயிற்றில் ஒப்பரேசன் செய்து, யாழ்ப்பாணத்திலிருந்து எலும்பும் தோலுமாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஐந்து மாதம் கடலுக்குப் போக ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆவணி மாதம், சரியான கோடை. கோடையில் எங்கள் தீவில் மாடுகளைத் தெற்கு வெளியில் அவிழ்த்து விட்டுவிடுவோம். அவை அங்கேயே மேய்ந்து, அங்கேயே கன்றும் ஈனும். மழை விழுந்த பிறகு பிடித்து வந்து கன்றுகளுக்குக் குறி சுடுவோம். எந்தப் பசுவில் கன்று பால் குடிக்கிறதோ, அந்தப் பசுவின் குறிதான் கன்றுக்கும். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து இதுதான் வழக்கம். இதில் யாரும் சண்டை பிடித்ததில்லை. எங்கள் குறி ஒரு சிலுவை. பக்கத்து வளவுப் பார்வதிப்பிள்ளையக்காவின் குறி சூலம்.

அடுப்புக்குக் காய்ந்த சாணகம் பொறுக்க நான் ஒரு நாள் வெளிக்குப் போனேன். ஒரு பற்றைக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளச்சி நின்றது. அதன் காலடியில் அதன் கன்று செத்துக் கிடந்தது. வெள்ளைக் கன்று. ஈ மொய்க்க மொய்க்க வெள்ளச்சி அதை நக்கிக்கொண்டே நின்றது. எனக்கு அழுகை வந்தது. கன்று போனால் பசு பால் சுரக்காது. அந்த மனிதரை எதைக் கொடுத்துத் தேற்றுவேன் என்றுதான் நினைத்தேன்.

அதே கிழமை பார்வதிப்பிள்ளையக்காவின் பசு, தண்ணீர் குடிக்க இறங்கிய துரவின் சேற்றில் புதைந்து செத்துப் போனது. புருசன் செத்த பிறகு அவவிடம் எஞ்சியிருந்தது அந்த ஒரு பசுதான். அதற்கு ஒரு கன்று இருக்க வேண்டும், மடி பெருத்துப் பால் கட்டியிருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அக்கா மூன்று நாள் வெயிலில் வெளி முழுக்கத் தேடினா. கன்று கிடைக்கவில்லை. நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்து நயினாதீவுக்கும் போய் வந்தா.

நாலு நாள் கழித்து நான் மறுபடி வெளிக்குப் போனபோது வெள்ளச்சியில் ஒரு செவலைக் கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தாயில்லாத கன்றும் கன்றில்லாத தாயும் ஒன்றையொன்று கண்டுபிடித்துவிட்டன. ஒரு சத்தம் போட்டிருந்தால் பக்கத்துத் துரவடியில் நின்ற சனத்துக்குக் கேட்டிருக்கும். நான் போடவில்லை. சாணகக் கடகத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மழை விழுந்ததும் றெக்ஷன் போய் இரண்டையும் பிடித்துக்கொண்டு வந்தான். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து பார்த்தார்.

"என்ன யூலி, வெள்ளச்சிக்குச் செவலைக் கண்டு?"

"வெளியில எந்தக் காளை சேர்ந்துதோ ஆர் கண்டது? செவலைக் காளையாக்கும்" என்றேன்.

நான் சொன்னால் அவருக்கு அதுதான். தானே குறியைக் காய்ச்சிச் சுட்டார். செவலி என்று பெயரும் வைத்தார். வெள்ளச்சியின் பால் அவரைத் தேற்றியது. ஒவ்வொரு நாளும் பேணியைக் கையில் வாங்கி, "ஆண்டவர் தந்த பால்" என்று சொல்லித்தான் குடிப்பார். நான் குசினிக்குள் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பின்னேரம் செபமாலை முடிய அவர் தன் சொந்தச் சொல்லில் ஒரு செபம் சொல்வார். வருத்தம் வந்த நாளிலிருந்து தொடங்கிய பழக்கம். "ஆண்டவரே, தெரியாமல் நாங்கள் ஆருக்கும் பிழை விட்டிருந்தால் அதை எங்களுக்குக் காட்டும். திருத்தப் பெலன் தாரும்." அவர் சொல்லி முடிய நான் ஆமென் சொல்ல வேண்டும். சொன்னேன். மூன்று வருடமாக ஒரு நாள் தவறாமல் சொன்னேன். பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால், கோபப்பட்டேன், அயலைக் குறை சொன்னேன் என்று எல்லாம் சொல்வேன். இது மட்டும் தொண்டைக்குள் நின்றுவிடும். சுவாமி பாவம், பொறுமையாகக் கேட்டு மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார்.

இந்தத் தபசு காலத்தில் செவலி கன்று போட்டது. செவலைக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பார்வதிப்பிள்ளையக்காவின் செத்துப்போன பசுவுக்கும் நெற்றியில் அதே சுட்டி.

இவர் கன்றைத் துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. வந்ததும் நான் கேட்டேன்.

"என்ன கேட்டனீங்கள்?"

"மனதில ஒரு அந்தரம், யூலி. என்னெண்டு தெரியேல்லை. காட்டும் எண்டு கேட்டனான். ஒண்டும் சொல்லுறாரில்லை."

மற்ற நாளும் போனார். அதற்கு மற்ற நாளும் போனார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. முகம் மறுபடி அந்த ஒப்பரேசன் காலத்து முகமாகிவிட்டது. கடவுள் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பதிலை என் வாயில் வைத்திருந்தார், நான் அதை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் கடும்புப் பாலைக் காய்ச்சினேன். கன்று போட்டதும் வருகிற அந்த முதல் பாலைத் தனியே சாப்பிடக் கூடாது, அயலுக்குக் கொடுக்க வேண்டும். இவர் ஒரு சட்டியை மூடி என் கையில் தந்தார்.

"பார்வதியக்காவுக்கு முதல் குடும். அவவுக்கு இப்ப மாடில்லை, பாவம்."

ஐயோ, அந்தச் சட்டி கையைச் சுட்டது. கல்வேலி ஓரமாக நடந்து போனேன். அக்கா என்னைக் கதிரையில் இருத்தி வெறுந்தேத்தண்ணி தந்தா. "பால் இல்லாத வீடு, குறை நினையாதை பிள்ளை" என்றா. பிறகு சட்டியைத் திறந்து மணந்து பார்த்தா. கண் கலங்கியது.

"என்ர அந்தக் கண்டு தப்பியிருந்தால் இப்ப அதுவும் கண்டு போட்டிருக்கும், என்ன? உங்கட கை நல்ல கை, யூலியட். உங்களுக்கு ஒரு குறையும் வராது."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி ஓடி வந்தேன். இவர் மால் கொட்டிலுக்குள் வலை பொத்திக்கொண்டிருந்தார். முன்னால் போய் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"செவலி எங்கடை இல்லை. வெள்ளச்சியின்ர கண்டு செத்துப் போச்சு. நான் கண்டனான். செவலி அக்காவின்ர. எனக்கு முதல் நாளே தெரியும்."

அவர் கையிலிருந்த ஊசி நின்றது. அவர் கத்த வேண்டும், எதையாவது தூக்கி எறிய வேண்டும் என்று மனது கிடந்து அடித்தது. அவர் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பாலைத்தானே நான் குடிச்சனான்?"

"ஓம்."

"எனக்காகத்தான் சொல்லாமல் இருந்தனீரோ?"

"ஓம்... முதல் உங்களுக்காகத்தான். பிறகு வெக்கத்தில."

வலையை மடித்து வைத்தார். "நான் அங்கை போய் நாள் நாளாய்க் கேட்டுக்கொண்டு இருந்தனான். பதில் என்ர குசினிக்குள்ள இருந்திருக்கு" என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன கடுமையான சொல் அதுதான். அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

பிறகு செவலியை அவிழ்த்தார். கன்றை என் கையில் தந்தார். "வாரும். நீரும் வாரும்."

பின் ஒழுங்கையால் போவோம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. சங்கக் கடைக்கு முன்னால், சனம் நிற்க நிற்க, பெரிய ரோட்டால் கூட்டிக்கொண்டு போனார். "எங்கை அண்ணை மாட்டோட?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "உரியவவிட்டைக் குடுக்கப் போறம்" என்றார். மாட்டுக் களவு என்றால் எங்கள் தீவில் அதைவிடக் கேடுகெட்ட பெயர் கிடையாது. நான் கன்றின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடந்தேன்.

அக்காவிடம் நானேதான் சொன்னேன். "நான் கண்டனான் அக்கா. இவருக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அவ கன்றின் சுட்டியைத் தொட்டுப் பார்த்தா. செவலியின் கழுத்தைத் தடவினா. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மூண்டு வருசம் என்ர கண்ணுக்கு முன்னாலை நடந்து திரிஞ்சுது. நீ பாத்துக்கொண்டு இருந்தனி" என்றா. "மாட்டைக் கட்டிப்போட்டுப் போங்கோ. இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ."

ஒரு கிழமை அவ எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் யாரைக் குறை சொல்ல? எட்டாம் நாள் பின்னேரம், செவலி கயிற்றை அறுத்துக்கொண்டு தன் கன்றோடு எங்கள் படலைக்கு வந்து கத்தியது. உள்ளேயிருந்து வெள்ளச்சி பதிலுக்குக் கத்தியது. பின்னாலேயே அக்கா மூச்சு வாங்க வந்தா. இவர் ஓடிப்போய்ச் செவலியைப் பிடித்தார்.

"அக்கா, சிலுவைக் குறி கிடக்குது. உங்கட சூலத்தைப் பக்கத்தில சுட வேணும். நாளைக்கு வந்து நான் சுட்டுத் தாறன்."

"வாயில்லாச் சீவனை இன்னொருக்காச் சுடவோ? வேண்டாம் தம்பி. அது கிடக்கட்டும்."

"பாக்கிறவை கேப்பினமே அக்கா?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"கேட்டால் உள்ளதைச் சொல்லுவன்" என்றா வெடுக்கென்று. "யூலியட் ஒளிச்சவள் எண்டும் சொல்லுவன். அவள்தான் கொண்டுவந்து தந்தவள் எண்டும் சொல்லுவன். ரெண்டையும் சொல்லுவன்." பிறகு கொஞ்சம் குரல் தணிந்தது. "அண்டைக்கு வைச்ச தேத்தண்ணி குடியாமல் ஓடினனி. நாளைக்கு வா. இப்ப வீட்டில பால் இருக்கு."

அவ மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும்வரை நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செவலியின் பின்தொடையில் எங்கள் சிலுவை அசைந்து அசைந்து போனது. அது இனி இந்தத் தீவெல்லாம் மேயப் போகிறது, கேட்கிறவர்களெல்லாம் கேட்கப் போகிறார்கள். கேட்கட்டும்.

உள்ளே இவர் பாயை விரித்துச் செபமாலையை எடுத்து வைத்திருந்தார். இருபத்தாறு வருடமாகச் செபத்தைத் தொடங்குகிறவர் அவர், முடிக்கிறவள் நான். அன்றைக்குச் செபமாலை முடிந்ததும் அவர் தன் வழக்கமான செபத்தைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

"இண்டைக்கு நீர் சொல்லும், யூலி."

"எனக்கு உங்களைப் போலச் சொல்லத் தெரியாது."

"தெரிஞ்சதைச் சொல்லும்."

"ஆண்டவரே..." என்று தொடங்கினேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியும்..." அதற்கு மேல் வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. கோவில் வாங்கில் இருப்பது போல அப்படியே பக்கத்தில் இருந்தார். நான் அழுது ஓய்ந்து மூக்கைத் துடைத்த பிறகு, ஒரு முழுச் செபத்தையும் கேட்டு முடித்தவர் மாதிரி, "ஆமென்" என்றார்.