துவக்கு ஸ்டொக்கில் ஒரு மஞ்சள் பொட்டு

1. முதல் நாள்

ஐம்பத்தாறு வயதில் எனக்குப் புது வேலை கிடைத்தது. ரண்டர்ஸ் என்ற டெனிஷ் நகரத்தில் இருபத்தாறு வருடம் மேசை கதிரைகளுக்குப் பொலிஷ் போட்ட தளபாடத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்து மனைவி வசந்தியின் அலுமாரிகளைத் திருத்தினேன். திருத்த இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில், மரவேலை தெரிந்த ஆள் தேவை என்று துப்பாக்கி திருத்தும் ஒரு துவக்குப் பட்டறை கூப்பிட்டது. மூன்று மாதம் பரீட்சைக் காலம். பிடித்தால் நிரந்தரம்.

வசந்தி கையில் கரண்டியோடு குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

"என்ன விசர்க்கதை இது? துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்! இப்ப நீங்கள் அதுக்கே பொலிஷ் போடப் போறியளோ?"

"இது மான் வேட்டைக்குப் போறவைக்கும் கிளப்பில குறி பாத்துச் சுடுறவைக்கும். எல்லாத்துக்கும் பொலிஸ் லைசென்ஸ் இருக்கு."

"எனக்கு ஒண்டும் விளங்கப்படுத்த வேண்டாம். அந்த உடுப்போட சாமியறைக்குள்ள வராதேங்கோ."

பட்டறைக்காரி கியர்ஸ்ரன். என்னைவிடப் பத்து வயது இளையவள். நாலு சொல்லில் முடிகிற விஷயத்தை மூன்றில் முடிப்பாள். டெனிஷில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே 'நீ'தான். "நீ மரத்தைப் பார். இரும்பு என்ர பாடு" என்று முதல் நாளே பிரித்துவிட்டாள். இரும்பெல்லாம் உருக்கு அலுமாரிக்குள், திறப்பு அவளிடம். இதைச் சொல்லித்தான் வசந்தியை அரைவாசி சமாதானப்படுத்தினேன்.

2. சாப்பாட்டு மேசை

என் மூன்றாவது மாதத்தில் ஹென்னிங் வந்தார். எழுபத்தொன்பது வயது, தோளில் சத்திரசிகிச்சை செய்த மனிதர். நாற்பது வருடமாகக் கிளப்பில் அவர் சுட்டது பழைய டெனிஷ் இராணுவ ரைபிள். அது கழுதை மாதிரி உதைக்கும். இனி அதைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டொக்டர். ஆனால் ஒக்டோபர் கடைசி ஞாயிறு கிளப்பில் பழைய ரைபிள் நாள். பழைய தோற்றம் இல்லாத எதையும் அன்று வரிசையில் வைக்க விடமாட்டார்கள்.

ஆகவே புது பொயின்ட் டூ டூ ரிம்ஃபயர் ரைபிள் ஒன்றை வாங்கி வந்திருந்தார். சின்னத் தோட்டா, தோளில் உதை இல்லை. தோற்றம்தான் பிரச்சினை. முழுக்கக் கறுப்புப் பிளாஸ்ரிக். பார்த்தால் சுவரில் துளை போடும் மெசின் மாதிரி இருந்தது.

"உள்ளுக்கு இவள் இருக்கட்டும். வெளியில என்ர பழையவள் மாதிரி வேணும். நாற்பது வருசம் குறி பாக்க நிலத்தில அவளுக்குப் பக்கத்திலதான் படுத்தனான்" என்றார். கூடவே மூன்று தடித்த புத்தகங்களையும் மேசையில் வைத்தார். பழைய ரைபிள்களின் ஒவ்வொரு ஆணியும் ஒவ்வொரு முத்திரையும் அவற்றில் இருந்தன.

அவர் போனபிறகு கியர்ஸ்ரன் சொன்னாள்: "செல்வா, உன்ர பரீட்சை இதுதான். ஹென்னிங் ஓம் எண்டால் நீ வேலையில நிக்கிறாய்."

ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கு அடுத்த வேலை எங்கே கிடைக்கும்?

வால்நட் மரத்தில் புது ஸ்டொக் செய்தேன். ஸ்டொக் என்பது தோளில் வைக்கும் அடிக்கட்டையில் தொடங்கிக் குழலைத் தாங்கும் மரம். பழைய ஆமி ரைபிளில் அது கிட்டத்தட்டக் குழல் நுனிவரை போகும். மேலே மர மூடி, இரண்டு இரும்பு வளையம். பழையதின் பாரம் வரவேண்டும் என்று அடிக்கட்டையைக் குடைந்து ஈயம் வைத்தேன். பிறகு தேய்த்து, லாக்கர் அடித்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கினேன்.

கியர்ஸ்ரன் பார்த்தாள். "இது சாப்பாட்டு மேசை."

"நல்ல மினுக்கம் எல்லே?"

"மழையில கிடந்த துவக்கு மினுங்குமோ? சுரண்டு."

பழைய வேலையில் ஒரு கீறல் விழுந்தால் போர்மன் சாப்பிடவும் விடமாட்டார். இங்கே சம்பளம் தந்து கீறச் சொல்கிறார்கள்! லாக்கரை உரித்துவிட்டு, என் வீட்டுத் திறப்புக்கோர்வையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் மரத்திடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணைத் திறந்தால் காயங்கள் அளந்து வைத்ததுபோல் ஒரே வரிசையில் இருந்தன.

"இது தையல்" என்றாள் கியர்ஸ்ரன்.

நாலு நாள் பழகித்தான் ஒழுங்கில்லாமல் அடிக்கக் கை வந்தது. இனி எண்ணெய் பூசுவதுதான் பாக்கி.

3. சோப்பு

வியாழக்கிழமை ஆயுத பூசை. கியர்ஸ்ரன் ஒரு அலுவலாக ஓகூஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். வசந்தி காலையிலேயே ஒரு சின்ன டப்பாவைத் தந்திருந்தாள்.

"சந்தனம் முடிஞ்சுபோச்சு. மஞ்சளைக் குழைச்சிருக்கிறன். உளிக்கும் வாளுக்கும் வையுங்கோ. துவக்குக்கு மட்டும் வைச்சியள் எண்டால் தெரியும்."

உளி, சீவுளி, அரம், வைஸ், எல்லாவற்றுக்கும் வைத்தேன். கடைசியில் மேசையில் ஸ்டொக் கிடந்தது. ஒன்றை மட்டும் விட்டால் நல்லாயிருக்காதே. இரும்பு இல்லாத வெறும் மரம் துவக்கு ஆகாது என்று எனக்கு நானே சட்டம் பேசி, அடிக்கட்டையில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தேன்.

மத்தியானம் துடைத்தேன். உளியில் போனது, வைஸில் போனது, ஸ்டொக்கில் போகவில்லை. எண்ணெய் காணாத மரம் மஞ்சளை நல்லாகக் குடித்திருந்தது. பதறிப்போய், இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற மண்ணிறச் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை. இரத்தச் சிவப்பாக மாறியது.

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. எத்தனை கலியாண வீட்டில் பார்த்திருக்கிறேன்! சோப்புக்கும் அதே குணம் என்று என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. அரத்தாளால் தேய்த்தால் பள்ளம் விழும். வேறு வழி தெரியாமல் எண்ணெயைப் பூசினேன். சிவப்பு கறுத்து, மங்கிய மண்ணிற வட்டமாக நின்றது.

மறுநாள் கியர்ஸ்ரன் கேட்டாள்: "இது என்ன?"

"மரத்தின்ர இயற்கை நிறம்" என்றேன். அந்தப் பொய்யோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

4. திங்கட்கிழமை

ஹென்னிங் புது ஸ்டொக் பூட்டிய ரைபிளைக் கையில் வாங்கிப் பாரம் பார்த்தார். கன்னத்தை வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது. "அவளேதான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிடமே அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இந்த முத்திரை மூண்டு புத்தகத்திலயும் இல்லையே?"

கியர்ஸ்ரன் என்னைப் பார்த்தாள். பழைய முத்திரை ஒன்றைப் பார்த்துக் குத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கிளப்பில் போய் அதையே பெருமையாகச் சொல்வார், நாலு பேர் சிரிப்பார்கள். வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"அது முத்திரை இல்லை. வருசத்தில ஒருநாள் நாங்கள் வேலைச் சாமானுக்கு நன்றி சொல்லிப் பொட்டு வைக்கிறனாங்கள். மஞ்சள் ஊறிப்போச்சு. கழுவ, சிவந்துபோச்சு. கியர்ஸ்ரனுக்கும் பொய் சொன்னனான்."

ஹென்னிங் வட்டத்தை விரலால் தடவினார்.

"பழைய ரைபிளில முத்திரை எதுக்கு இருக்குது தெரியுமோ? சரி பாத்த ஆள் 'நான் பாத்தனான்' எண்டு வைக்கிறது. இதைச் சரி பாத்தது ஆர்?"

"நான்தான்."

"அப்ப இருக்கட்டும்." பிறகு அளவுநாடாவை எடுத்தார். "ஆனா புத்தகத்தில இருக்கிறதைவிட ரெண்டு சென்ரிமீற்றர் மேல வைச்சிட்டாய்."

கியர்ஸ்ரன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பின்னேரம் நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தாள். "இன்னொருக்கா இயற்கை நிறம் எண்டு சொன்னா உன்னையே சுரண்டுவன்" என்றாள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணெய் காணாத மரத்தில் மஞ்சள் வைக்காதீர்கள். வைத்துவிட்டால் சோப்புப் போடாதீர்கள். போட்டுவிட்டால், வந்தவர் பூதக்கண்ணாடியை எடுக்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்த வருட ஆயுத பூசைக்கு, பட்டறை வாசலில் ஹென்னிங் நாலு கிளப் நண்பர்களோடு நின்றார். ஒவ்வொருவர் கையிலும் கழற்றிய ஸ்டொக். தங்களுக்கும் பொட்டு வேண்டுமாம். நான் வசந்திக்கு ரெலிபோன் எடுத்து, போன வருடச் சோப்புக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பஸ் பிடித்து வந்துவிட்டாள். வரிசையை ஒருமுறை பார்த்தாள். முப்பது வருடமாகத் துவக்கென்றால் முகத்தைத் திருப்புகிறவள், டப்பாவைத் திறந்து ஹென்னிங்கின் ஸ்டொக்கில் தன் விரலால் வைத்தாள். நான் அவள் விரலையே பார்த்தேன்.

"என்ன பாக்கிறியள்? இந்த முறை சந்தனம்" என்றாள். "சோப்பை எடுத்து ஒளிச்சு வையுங்கோ."