நாலாவது கட்டை

என் படுக்கையறை ஜன்னலின் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை செருகியிருக்கிறது. ஒரு சாண் நீளம். ஒரு முனை தடித்து, மறு முனை சீவி, கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப் போனது. தேனியில் மார்கழிக் குளிர் அடித்தாலும் அதை நான் எடுப்பதில்லை. ஏசி மாட்டித் தருகிறேன் என்று மகன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். ஏசி வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டுமே என்பதற்காகவே, எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சாக்குச் சொல்லி வருகிறேன். கொசு வருகிறது, பூனை வருகிறது, சாரலில் மெத்தை நனைகிறது என்று வீட்டில் ஆளாளுக்கு முறை வைத்துத் திட்டுகிறார்கள். நியாயம்தான். அந்தக் கட்டை என் மதினியுடையது என்பதும், அது என்னிடம் இருக்கக் கூடாத ஒன்று என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. எழுபதுகளில் போடிமெட்டிலிருந்து உடும்பஞ்சோலை போகும் பாதையில் அண்ணனுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு வருடம் அழுகல் நோய் விழுந்து தோட்டம் படுத்துவிட்டது. ஏலக்காய் உலர்த்தும் கட்டடம், அதை ஸ்டோர் என்போம், பூட்டிக் கிடந்தது. "கோடையில கீழ உள்ளவுக குளுருக்கு ஏங்கிப் போயி மல ஏறி வாராக. படுக்க ஒரு கட்டிலும் காலையில சூடா நாலு இட்லியும் குடுத்தா வேண்டாம்னா சொல்லப் போறாக?" என்று மதினிதான் ஆரம்பித்து வைத்தார். காலியாகக் கிடந்த கணக்குப்பிள்ளை வீடுகள் இரண்டையும் ஸ்டோரையும் வெள்ளையடித்துக் கட்டில் போட்டார்கள். அண்ணன் ஒரு தகரத்தில் காட்டேஜ் என்று எழுதி ரோட்டோரம் நட்டார். பி.ஏ. படித்துவிட்டுப் போடியில் வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த நான், ஜீப் ஓட்டவும் வெந்நீர் போடவும் மேலே போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு.

மதினியைப் போல் பயந்து பயந்து விருந்தாளிகளை வைத்துக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. வருகிறவர்கள் மலையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். மதினி அவர்கள் காலைப் பார்ப்பார், செருப்பு வழுக்குமா வழுக்காதா என்று. பள்ளத்தைப் பார்க்கப் போனவர்கள் திரும்பும்வரை வாசலில் நின்று தலையை எண்ணுவார். அட்டை ஏறாமல் இருக்க உப்பும் புகையிலையும் முடிந்த துணியை ஆளுக்கொன்று கையில் திணிப்பார். காலையில் பாலைத் தான் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு ஆற்றுவார். இது போக, ஒரு நாளைக்கு மூன்று தடவை குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று வீட்டையும் சுற்றி வருவார். கதவு, தாழ்ப்பாள், வெந்நீர் அடுப்பு, கிணற்று மூடி என்று ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் திருப்தி. போடிமெட்டு செக்போஸ்ட்டில் கூட இவ்வளவு சோதனை கிடையாது என்று அண்ணன் கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். "சிரிங்க, சிரிங்க. ஊரான் வீட்டு உசுரு நம்ம கூரைக்கடியில படுத்திருக்குல்ல" என்பார் மதினி. சொல்லிவிட்டு மறுபடி குடையை எடுப்பார்.

காலைப் பலகாரத்துக்கும் அந்த ஸ்டோருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மலைக்குளிரில் இட்லி மாவு புளிக்காது. ராத்திரி முழுக்க வைத்தாலும் அரைத்தபடியே இருக்கும். ஆனால் ஸ்டோருக்கு வெளியே, சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய அடுப்பு ஒன்று உண்டு. அதில் விறகு எரித்தால், சூடு ஓர் இரும்புக் குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் ஓடி, மறுபக்கம் புகையாக வெளியேறும். காய் உலர்த்துவதற்காகப் போட்ட ஏற்பாடு. தங்க வருகிறவர்களுக்குக் குளிர் தெரியாமல் இருக்க அதில் சின்னதாய் ஒரு தீ வைத்திருப்போம். மதினி சாயங்காலம் நான்கு மணிக்கு மாவுப் பானையைக் கம்பளியில் சுற்றி அந்த அடுப்புச் சுவரோரம் கொண்டுபோய் வைப்பார். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி நிற்கும்.

ஸ்டோரின் கூரைக்குக் கீழே நான்கு வெண்டிலேட்டர்கள். காய் உலர்த்தும்போது முதல் மூன்று மணி நேரம் எல்லாவற்றையும் இறுக்க அடைத்துக் காயை வேர்க்க விட வேண்டும். பிறகு திறந்துவிட்டால் ஈரமெல்லாம் வெளியேறும். மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. ஆனால் ஆள் தங்க ஆரம்பித்த அன்றே மதினி நான்கு கட்டைகளைச் சீவி, கதவு மூடாதபடி நான்கு வெண்டிலேட்டர்களிலும் செருகிவிட்டார். யார் கேட்டாலும் அதை எடுக்கக் கூடாது, அடுப்பில் கைப்பிடி விறகுக்கு மேல் போடக் கூடாது. ஏன் என்று கேட்டால், "என்னமோ எனக்குப் பயமா இருக்கு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பதிலை நான் எந்தக் கணக்கில் சேர்த்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. கடைசியாக வந்தவர்கள் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவன், மனைவி, ஆறு மாதப் பெண் குழந்தை. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. அவர்களுக்கு ஸ்டோரைத்தான் கொடுத்திருந்தோம், மூன்றில் அதுதான் கதகதப்பு. வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் மழை விடவில்லை. கீழே ஒரு வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம், ஊருக்குப் போன் போட்டுத் தகவல் சொல்ல வேண்டும் என்று அந்தக் கணவர் அண்ணனோடு ஜீப்பில் உடும்பஞ்சோலைக்குப் போயிருந்தார்.

அந்தப் பெண் ஸ்டோர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, கொழந்தைத் துணி ஒண்ணுகூட காயவே மாட்டீங்குதுங்க. கடைசித் துணியும் நனைஞ்சு போச்சுங்க. அடுப்புல இன்னுங்கொஞ்சம் நெருப்புப் போடுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு உடனே வேலை பிடிபட்டுவிட்டது. காயை உலர்த்தத் தெரிந்தவனுக்குத் துணியை உலர்த்தத் தெரியாதா? உள்ளே கொடி கட்டித் துணிகளை விரித்தேன். ஏணி வைத்து ஏறி நான்கு கட்டைகளையும் உருவி, காக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வெண்டிலேட்டர்களை அடைத்தேன். அடுப்பில் விறகைத் திணித்தேன். "கதவைச் சாத்திட்டுப் படுங்க. ஒரு மணி நேரத்துல முறுமுறுன்னு காஞ்சிடும்" என்றேன். "ரொம்பப் புண்ணியமுங்க" என்றார் அவர். அந்தச் சொல்லைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்து நடந்து வந்தது இன்றைக்கும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சமையலறையில் மதினி மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவருக்குக் காய்ச்சல். மத்தியானச் சுற்றுக்கு எழுந்திருக்கப் போனவர் என்னைப் பார்த்து, "ஸ்டோர்ப் பக்கம் போனீகளா தம்பி? வெண்டிலேட்டரப் பாத்தீகளா?" என்று கேட்டார். "எல்லாம் பாத்தாச்சு மதினி, நீங்க உக்காருங்க" என்றேன். பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்த்தேன்தானே? அவரும் உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கட்டிலில் சாய்ந்து மழைச் சத்தத்தில் கண்ணயர்ந்தேன். அவரை ஒரு தடவை சுற்றிவர விட்டிருந்தால் போதும். பத்து நிமிட வேலை.

இட்லி மாவுதான் காப்பாற்றியது. நான்கு மணிக்குப் பானையைத் தூக்கிக்கொண்டு போன மதினி, வழக்கம்போல் அடுப்புச் சுவரில் கை வைத்திருக்கிறார். கை பொத்துப் போகிற சூடு. அண்ணாந்து பார்த்தால் நான்கு வெண்டிலேட்டரும் அடைத்திருக்கிறது. பானை உடைந்த சத்தமும் "தம்பீ" என்ற அலறலும் ஒன்றாகத்தான் என் காதில் விழுந்தன. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் கதவை உதைத்துத் திறந்திருந்தார். உள்ளே பெரிதாகப் புகை இல்லை, வெக்கைதான். அந்தப் பெண் கட்டிலிலிருந்து பாதி இறங்கிய நிலையில், துணி மூட்டை சரிந்த மாதிரிக் கிடந்தார். குழந்தை கட்டிலில் அசையாமல் இருந்தது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு. அசந்து தூங்குகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

மதினி நினைக்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு மழைக்குள் ஓடினார். நான் தாயை இழுத்து வந்து வெளியே மண்ணில் போட்டேன். மழைத்தண்ணீர் முகத்தில் அடித்ததும் அவர் புரண்டு வாந்தி எடுத்தார். கண்ணைத் திறந்து "கொழந்தை" என்றார். குழந்தை அழவில்லை. மதினி அதைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைச் சுண்டினார், வாயில் ஊதினார். "அழுடி, அழுடி என் தாயி" என்று கத்தினார். அவர் கையிலிருந்த மாவு குழந்தையின் முதுகெல்லாம் அப்பி, மழையில் கரைந்து ஓடியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடமாகக்கூட இருக்கலாம். அந்த ஐந்து நிமிடத்தை நான் இன்னும் முழுதாகத் தாண்டி வரவில்லை. பிறகு ஒரு சின்ன இருமல். அப்புறம் அழுகை.

நெடுநாள் மூட்டாத பெரிய தீயை மூட்டியதில், குழாய் இணைப்பில் துருப்பிடித்த இடம் விட்டுப்போயிருக்கிறது. அதன் வழியே கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்று உள்ளே கசிந்திருக்கிறது. கட்டைகள் இருந்திருந்தால் அது வெளியே போயிருக்கும்.

இருட்டுவதற்கு முன் ஜீப் வந்தது. விஷயம் தெரிந்ததும் அந்த மனிதர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். "உங்களை நம்பித்தானுங்க உட்டுட்டுப் போனேன். எட்டு வருசங் கழிச்சுப் பொறந்த கொழந்தைங்க. கூலிக்கு ஆள் வச்சாலும் இப்படிப் பாக்காம உடுவானுங்களா?" என்று மதினியைப் பார்த்துத்தான் கத்தினார். வீட்டுக்காரி அவர்தானே. அண்ணனும் சேர்ந்துகொண்டார். "நாளைக்கு மூணு தடவ சுத்துறியே, எதுக்கு? கண்ணு எங்க போச்சு ஒனக்கு?" என்றார். மதினி நனைந்த சேலையோடு நின்றார். "கொழாயி ஓட்டையாயிருச்சு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார். வெண்டிலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணோ, நெருப்புக் கேட்டது தானே என்பதைச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் உள்ளே படுத்திருந்தார். நான் அவருக்கு நான்கடி தள்ளி நின்றேன். கோட்டுப் பையில் கட்டைகள் தொடையில் இடித்தன. வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

மறுநாள் மழை வெறித்தது, சரிந்த மண்ணையும் அள்ளி வழி விட்டார்கள். அண்ணன் அவர்களை டாக்டரிடம் காட்டக் கீழே கூட்டிப்போனார். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதாகத் திரும்பி வந்து சொன்னார். அவர்கள் அப்படியே ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று காலை ஜீப் கிளம்பிப் போனதும் மதினி என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"கட்டையக் குடுங்க தம்பி."

பையில் கைவிட்டுக் கொடுத்தேன். மூன்றுதான் இருந்தன. நான்காவது எங்கேயோ விழுந்துவிட்டது போல என்று முனகினேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு ஸ்டோருக்குப் போனார். மூன்றைச் செருகினார். நான்காவது வெண்டிலேட்டரின் கதவையே சுத்தியலால் அடித்துப் பெயர்த்துவிட்டார். அதன் பிறகு ஸ்டோரில் யாரையும் தங்க வைக்கவில்லை. அந்த அடுப்பில் மாவுக்காக மட்டும் தீ எரிந்தது. மதினியின் சுற்று மூன்றிலிருந்து ஐந்தானது. அண்ணன் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அது அதைவிட மோசம். விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில், "இந்தத் தடவையாச்சும் ஒழுங்காப் பாரு" என்பார்.

அடுத்த தை மாதம் கோட்டைத் துவைக்கப் போட்டபோது, கிழிந்த பை வழியாக உள்துணிக்குள் நழுவியிருந்த நாலாவது கட்டை கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் பேச வேண்டி வரும். பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஆறு மாதத்தில் எனக்குக் கீழே வேலை கிடைத்தது, கட்டையும் என்னோடு மலை இறங்கியது. அந்தக் குழந்தைக்கு இப்போது ஐம்பது வயது ஆகப்போகிறது. அந்த நச்சுக்காற்று மூளையைப் பாதிக்கும் என்று பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். அன்றிலிருந்து, அவள் நன்றாகப் படித்தாளா, கல்யாணம் ஆயிற்றா, தலைவலி என்று படுக்கிறாளா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயப்படுகிறார் என்று மதினியைக் கிண்டல் செய்தவன், படுக்கப் போகுமுன் கேஸை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. மலையில் எங்கள் இடத்தில் இப்போது மாடி மாடியாய் ஒரு விடுதி நிற்கிறது. போன மார்கழியில் மதினி பத்து நாள் என்னோடு தங்க வந்தார். எண்பத்தைந்து வயதாகப் போகிறது. இப்போது அவருக்கு எதிலும் பயம் இல்லை. தெருக்கதவு திறந்து கிடந்தால்கூடக் கண்டுகொள்வதில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் அறையில் படுத்தவர், "குளுருது தம்பி, ஜன்னலச் சாத்துங்க" என்றார். நான் தயங்கினேன். அவரே எழுந்து போய்க் கட்டையை உருவினார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். சீவிய முனையைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது நாலாவதுல்ல?"

"ஆமா மதினி. அன்னைக்கு நாந்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நாளைக்குச் சொல்லுவீக, அடுத்த வாரம் சொல்லுவீகன்னு ஒரு வருசம் பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. "உங்கண்ணன் கடைசி வரைக்கும், நாந்தான் அந்தப் பிள்ளையச் சாகக் குடுக்கப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு."

கட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டிலில் போய்ப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் கண்ணை மூடிவிட்டார். குளிருது என்று சொல்லியிருந்தாரே என்று ஜன்னலைச் சாத்தினேன். அந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அதை நான் சாத்தியது அதுதான் முதல் தடவை. ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டு வாசலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்க் குனிந்து பார்த்தேன். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் விழித்து எழும்வரை நான் அங்கேயே இருந்தேன். கட்டை என் சட்டைப் பையில் இருந்தது.