நாலு வேளைத் தீனி

பத்து நாள் தங்கிவிட்டுப் போவதாகச் சொல்லித்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, கோபிசெட்டிபாளையத்திலிருந்து போத்தனூருக்கு வந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது, முழுப்பரீட்சை லீவு. வந்த மூன்றாம் நாளே டவுன்ஹால் பக்கம் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறு கப்பி மீன்களும் வாங்கி வந்தாள். பத்து நாளுக்கு மீன் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, பாப்பா ஆசைப்பட்டாள் என்றாள். நான் ஆசைப்படவே இல்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.

அத்தையால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். கேட் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். மடித்து வைத்த துணியை உதறி மறுபடியும் மடிப்பாள். தொட்டிக்கு முன்னால் மட்டும்தான் உட்காருவாள். செல்போன் அடித்தால் சட்டென்று தண்ணீருக்குள் கையை விட்டுக்கொள்வாள்.

"கை ஈரமா இருக்குது கண்ணு. அத்தை தண்ணி மாத்தீட்டு இருக்குதுன்னு மாமாகிட்டச் சொல்லீரு."

நானும் சொல்வேன். ஒரே நாளில் நாலு தடவை தண்ணீர் மாற்றினால் எந்த மீனும் பிழைக்காது என்பது மாமாவுக்குத் தெரியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கப்பி முட்டையிடாது, குட்டிதான் போடும் என்பதை அத்தைதான் சொன்னாள். வயிற்றின் பின்பக்கம் இருக்கும் கரும்புள்ளி பெரிதாகிவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எனக்கும் நிலைகொள்ளவில்லை. காலையில் பல்கூட விளக்காமல் தொட்டிக்கு ஓடினேன்.

பத்தாம் நாள் மாமா காரில் வந்தார். கிளம்பு என்றார். அத்தை தொட்டியைக் காட்டினாள்.

"பெரிய மீனுக்கு வயிறு எறங்கிப்போச்சுங்க. இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். பிரிச்சு உடலைன்னா தாயே தின்னுபோடுமுங்க."

மாமா நம்பாமல் என்னைப் பார்த்தார். புள்ளி நன்றாகக் கறுத்துவிட்டது என்று நான் சாட்சி சொன்னேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் அது குட்டி போட ஆரம்பித்தது. கண் இமை முடி அளவுக்கு ஒவ்வொன்றாக விழுந்து, விழுந்த வேகத்தில் நீந்த ஆரம்பித்தன. தாய் திரும்பி இரண்டை விழுங்கிவிட்டது. நானும் அத்தையும் டீ வடிகட்டியால் அள்ளி அள்ளி வேறு டப்பாவில் விட்டோம். பத்தொன்பது தேறின. அந்த வாரமே இரண்டு செத்துப்போயின. அதற்காக அத்தை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இத்துனூண்டு குஞ்சுக்காக ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நாலு வேளைத் தீனி. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் லேசாகப் பிழிய வேண்டும். கூடிவிட்டால் தண்ணீர் கெட்டுவிடும். சீக்கிரமே அந்த அளவு எனக்குக் கைவந்துவிட்டது. பிறகு எல்லா வேளையும் நான்தான் வைத்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து மாமா தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். குஞ்சுகளுக்கு நிறம் வருகிற வரைக்கும் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், தான் கிளம்பினால் அத்தனையும் செத்துவிடும் என்றாள் அத்தை. மாமாவின் அம்மா என் அப்பாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க, இந்த மீனைப் பாத்துக்கறதுக்கு உங்க ஊட்ல வேற ஆளே இல்லீங்களா?"

அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அத்தனை வேலையும் செய்கிறவள் நான். என்னைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

"நாலு வேளையும் நாந்தானுங்க தீனி வெக்கறேன். நீங்க போங்க அத்தை. ஒண்ணுகூட சாகாம நான் பாத்துக்கறேன்."

கூடமே சிரித்தது. மாமா என்னைத் தட்டிக்கொடுத்தார். தன்னிடம் கேட்ட கேள்விக்கு வேறு யாரோ பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் அப்பாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பையை எடுத்து வந்தாள். பத்து நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது. அவள் துவைத்துப் போட்ட புடவை கொடியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம் அத்தை போன் செய்தாள். குஞ்சுகளைத்தான் முதலில் விசாரித்தாள். பதினேழும் இருக்கின்றன, சிலவற்றுக்கு வாலில் ஆரஞ்சு நிறம் வந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அத்தை குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு முடியலைன்னா சொல்லு கண்ணு. ஒண்ணு ரெண்டு செத்திருந்தாலும் சொல்லு. அத்தை உடனே பஸ் ஏறி வந்தர்றேன்."

போனைக் காதில் வைத்தபடியே டப்பா பக்கம் போய் மறுபடியும் ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினேழும் துள்ளிக்கொண்டிருந்தன. அப்படியே சொன்னேன், நீங்கள் வர வேண்டியதே இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். பதினேழுமா என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு, நல்லாப் பாத்துக்கறே கண்ணு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அத்தை ஒரேயடியாக எங்கள் வீட்டுக்கே வந்து சேர அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆனது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை என்னைப் பாராட்டினாள் என்பதுதான். அடுத்த வேளைக்கு முட்டை அவிக்கச் சொல்லி அம்மாவிடம் ஓடினேன்.