விழித்திருந்து பார்த்தது

“நில்லுங்கோ பிள்ளை, தள்ளாதையுங்கோ.”

சத்திரசிகிச்சைத் தியேட்டர் கதவுக்கு நாலடி இருக்கையில் சக்கரக் கட்டில் நின்றது. தள்ளிவந்த தாதி நிவேதனா குனிந்தாள்.

“என்னம்மா, பயமோ?”

“பயமில்லை. வயித்திலை ஏதும் கிடந்தால் மயக்கத்திலை வாந்தி வருமெண்டு இப்பதானே சொன்னீங்கள். விடியக் கோயில் பூசையிலை நான் நன்மை எடுத்தனான். சுவாமி தாற அப்பம்.”

“ரெண்டு தரம் கேட்டனான். ஒண்டும் சாப்பிடேல்லை எண்டீங்கள்!”

“ஆண்டவரைச் சாப்பாடெண்டு ஆர் சொல்லுறது?”

ஸ்ரெல்லா குருநகர்க்காரி, நாற்பத்தேழு வயது, சந்தையில் மீன் விற்பவள். ஐந்து மாதமாக நிற்காத உதிரப்போக்கால் இப்போது கடையில் அரைநாள் நிற்பதே பெரும்பாடு. கருப்பைக்குள் சதை வளர்ந்திருப்பதை ஸ்கான் காட்டியிருந்தது. இந்தத் திகதிக்குப் பத்து வாரம் காத்திருந்தாள். தவறினால் இன்னும் பத்து வாரம்.

மயக்க மருந்து வைத்தியர் மறுத்துவிட்டார். ஆறு மணித்தியாலம் போகவேண்டும். பின்னேரப் பட்டியலில் இடமில்லை.

பெண்நோயியல் வைத்தியர் வந்தார்.

“மயக்காமலும் செய்யலாம் அம்மா. வெட்டுக்காயம் இல்லை. கருப்பை வாசலிலை விறைப்பூசி போடுவம். மாதவிடாய் நோ மாதிரி இழுக்கும். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, நிப்பாட்டுவம்.”

“மூண்டு பெத்தனான், டொக்டர். செய்யுங்கோ.”

கால்களை உயர்த்தி வைத்தார்கள். பென்சிலிலும் மெல்லிய குழாய், நுனியில் கமரா. உப்புநீர் உள்ளே போக அடிவயிறு இறுகியது. நிவேதனா கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் இளஞ்சிவப்பாக ஒரு குகை. அதன் சுவரில் சிறு சதை நீரில் அசைந்தது.

“உதோ?”

“ஓம், உதுதான்.”

“உந்தச் சுண்டங்காயோ என்னை ஐஞ்சு மாசம் ஆட்டினது! அடியோடை எடுங்கோ டொக்டர். மீனை அரைகுறையாய் வெட்டினால் என்ரை கடைக்கே சனம் வராது.”

“சிரிக்க வைக்காதையுங்கோ அம்மா, கை ஆடும்.”

ஒருமுறை பல்லைக் கடித்தாள். நிப்பாட்டச் சொல்லவில்லை. இருபது நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு எழுந்தாள். காய்ச்சல் இல்லை. அடிவயிற்றில் லேசான இழுவை. நோவுக்கு இரண்டு பனடோல் போட்டாள். சிறிது இரத்தக்கசிவு இருந்தது. சில நாளில் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். சதைத்துண்டு ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தது. முடிவுக்கு இரண்டு வாரம். அவளுக்குப் பதிலாகக் கணவர் செபநாயகம் சந்தைக்குப் போனார். அவள் பாணும் சம்பலும் சாப்பிட்டு, பத்து மணிக்குத் திரும்பவும் படுத்தாள்.