வெள்ளைச் சேலையும் மண்டோர் அக்காவும்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைச் சேலை இருக்கிறது. அதில் சட்டம் போட்ட ஒரு படத்தைச் சுற்றி வைத்திருக்கிறேன். சேலை லேசாகப் பழுப்பேறியிருக்கும். அது பழசானதால் வந்த பழுப்பு அல்ல. தேயிலைத் தண்ணீரில் நானே முக்கி எடுத்து, நிழலில் உலர்த்தி ஏற்றிய பழுப்பு. படத்தில் வரும் ஏழைத் தாயின் சேலை கடைச் சேலை போல மின்னக் கூடாதல்லவா. இருபது வருடமாகப் படங்களுக்கும் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் உடை பார்ப்பவள் நான். இந்த மாதிரி ஜோடனை வேலையெல்லாம் எனக்குக் கைவந்த கலை. ஆனால் இந்தச் சேலையை யாருமே கட்டவில்லை.

எத்தனை தாய்மார்களுக்கு உடுத்தி விட்டிருக்கிறேன் என்று கணக்கு வைத்ததில்லை. உடுத்தும் விதம் மட்டும் ஒன்றேதான். தலையில் பவுடரைக் கொட்டி நரைக்க வைக்க வேண்டும். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு முந்தானை நுனி, அழுதால் துடைத்துக்கொள்ள. கதாநாயகனுக்கு ஐம்பது வயதானாலும் அவன் ஆடுவான், பாடுவான், இருபத்திரண்டு வயதுப் பெண்ணைக் காதலிப்பான். அவனுக்குத் தாயாக வருகிற பெண் அவனைவிட இரண்டு வயது இளையவளாக இருப்பாள். அவளுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர வேறு வேலை கிடையாது. எனக்கு இதில் சிரிப்பு வரும். ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை, சம்பளம் வாங்கினேன், உடுத்தி விட்டேன்.

மண்டோர் அக்காவை நான் பார்த்தது மலாக்காப் பக்கம், அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தின் பாதி வீட்டுமனைகளாகப் போய்விட்டது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் மிச்சமிருந்த ஒன்று அவருடையது, அதைத்தான் படப்பிடிப்புக்காக எடுத்திருந்தோம். தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுத்து, மேற்பார்வை பார்ப்பவர்தான் மண்டோர். அந்த வேலையில் பெண்கள் குறைவு. அக்கா பதினெட்டு வருடம் மண்டோராக இருந்தவர். முப்பத்திரண்டு வயதில் புருஷனை இழந்தவர். இப்போது அறுபத்தைந்துக்கு மேலாகியும் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை செய்துகொண்டிருந்தார். படப்பிடிப்பைப் பார்ப்பதற்காகவே நான்கு நாள் லீவு போட்டிருந்தார்.

கதை புதிதல்ல. தோட்டத்தை விட்டு ஓடிய மகன் செல்வம் பதினோரு வருடம் கழித்து வருகிறான். வெள்ளைச் சேலையில் வாசலில் காத்திருந்த தாய் அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். கடைசி நாள் அந்தக் காட்சி மட்டும் பாக்கி. அன்று பார்த்து, தாயாக நடிக்க வேண்டிய அம்மாவுக்கு டெங்கிக் காய்ச்சல். மறுநாள் கேமரா கோலாலம்பூருக்குத் திரும்பியாக வேண்டும். இயக்குநர் சின்ன வயசுப் பையன், நல்லவன்தான், தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றான். பிறகு மண்டோர் அக்காவிடம் போய், நீங்களே நடித்துவிடுங்கள் என்றான்.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “எனக்கு ரொம்ப நாளா ஆசை தம்பி. சினிமாவுல நம்ம ஆளுங்க ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்களேன்னு நெனைப்பேன்” என்றார். உடனே டவுனுக்குக் குடிபோன பழைய கூட்டாளிப் பெண்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். தலைக்குக் குளித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இயக்குநரிடம் கதையைச் சொல்லச் சொன்னார்.

“இந்தம்மா பேரு என்னா?”

“பேருலாம் வைக்கல ஆன்ட்டி. அம்மாதான்.”

“சரி, என்னா வேலை செய்றா?”

“வேலை இல்ல. மகனுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“பதினோரு வருஷமாவா? அப்ப சோத்துக்கு என்னா பண்ணா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தார். அவள் சாகிற இடத்தைச் சொன்னதும் கையை நீட்டி நிறுத்திவிட்டார். “இரு லா தம்பி. பையன் வந்துட்டான். நான் ஏன் சாகணும்? இத்தன வருஷம் சாகாதவ, இப்ப அவன் வந்தப்பறம் எதுக்குச் சாகுறேன்?”

அந்த நேரம் பார்த்துத்தான் நான் சேலையோடு போய் நின்றேன். அக்கா அதைத் தொடவே இல்லை. “நான் தாலி அறுத்து அஞ்சாவது நாளு மரத்துல பால் வெட்டப் போனவ. வெள்ளச் சேல கட்டிக்கிட்டுப் பால் வாளி தூக்க முடியுமா? இந்த லயத்துல ஒருத்தி கட்டினதில்ல. இத நான் கட்டுனா எங்காளுங்க காறித் துப்புவாங்க” என்றார்.

இயக்குநர் பொறுமை இழந்துவிட்டான். “கட்ட மாட்டேன்னா விட்டுருங்க ஆன்ட்டி. அம்மா ஏற்கெனவே செத்துட்டாங்கன்னு மாத்திக்கிறேன். சுவத்துல ஒரு போட்டோ, ஒரு மாலை. முடிஞ்சுது.”

அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆசைப்பட்டுப் போன் போட்டுச் சொன்னதெல்லாம் அவர் கண்ணில் தெரிந்தது. இருந்தாலும் சேலைக்குக் கை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பி, “நீயும் தோட்டத்துப் பிள்ளதானே? உங்கம்மா கட்டுனாங்களா?” என்று கேட்டார்.

கட்டினார்கள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். என் அம்மாவும் இளம் வயதில் புருஷனை இழந்தவர். வீட்டுக் கூடத்தில் அப்போது மாட்டியிருந்த படத்தில் வெள்ளைச் சேலையில்தான் இருந்தார். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா வெள்ளைச் சேலை கட்டி நான் பார்த்ததே இல்லை. அவர் இறந்தபோது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சின்னப் போட்டோ, ரப்பர்ப் பால்கறை படிந்த கட்டம்போட்ட சட்டையில். அதைப் பெரிதாக்கக் கொண்டுபோன இடத்தில் கடைக்காரர், “வெள்ளச் சேல போட்டுறலாமா?” என்று கேட்டார். கம்ப்யூட்டரில் சேலை கட்டிய உடம்பு தயாராக இருந்தது. அம்மாவின் தலையை அதன்மேல் பொருத்தினார்கள். நான்தான் சரி என்று தலையாட்டினேன். தினமும் விளக்கேற்றி, பார்த்துப் பார்த்து, அதுவே அம்மாவாகிவிட்டது எனக்கு. எவ்வளவு பெரிய துரோகம். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

“இல்லக்கா. கட்டல” என்றேன். பிறகு இயக்குநரிடம், “இந்தச் சேலைய நான் கட்டிவிட மாட்டேன் தம்பி. வேற ஆள வச்சுக் கட்டிக்குங்க” என்றேன். இருபது வருடத்தில் முதல் முறையாக வாய் திறந்தேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவன் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “ஒரே ஒரு தடவ. உங்க இஷ்டத்துக்குச் செய்ங்க, பாப்போம்” என்றான்.

அக்கா உள்ளே போய்த் தன் பழைய உடுப்பில் வந்தார். முழுக்கைச் சட்டை, கால்சட்டைக்கு மேல் கைலி, தலையில் துண்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். படியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். மகனாக நடித்த பையன் முற்றத்தில் வந்து நின்றான். அவன் ‘அம்மா’ என்று ஓடி வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதற்குள் அக்கா ஒரு காலில் பூட்ஸோடு எழுந்து நின்றார். தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டுக் குரலில் கூப்பிட்டார்.

“செல்வம்.”

கத்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரை போய்ச் சேரும் குரல். பையன் திகைத்து நின்றுவிட்டான். அக்கா மறுபடியும் கூப்பிட்டார். “செல்வம்.”

அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. “இருக்கேன்” என்றான்.

“பதினோரு வருஷமா உன் பேர கூப்புடுறேன். ஆளு இல்ல.” சொல்லிவிட்டு உட்கார்ந்து மற்றக் காலை நீட்டினார். “இத இழு.”

அவன் மண்ணில் உட்கார்ந்து அந்தப் பூட்ஸை இரண்டு கையாலும் இழுத்தான். அது கழன்று வந்த பிறகுதான் அக்காவின் கை அவன் தலைக்குப் போனது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை அவரிடம். எங்களுக்குத்தான்.  இத்தனை வருடம் நான் பவுடர் பூசி உட்கார வைத்தவர்கள் யார், இவர் யார் என்று பிரமித்து நின்றேன். இயக்குநர் ‘கட்’ சொல்லவே மறந்துவிட்டான். அக்காதான் திரும்பி, “சரியா இருந்துச்சா தம்பி? இல்லாட்டி இன்னொரு தடவ சாகாம வரேன்” என்றார்.

மலாக்கா டவுனில் படம் ஓடியபோது அக்காவோடு போனேன். அவருடைய கூட்டாளிப் பெண்கள் பன்னிரண்டு பேர் எங்களுக்குப் பின்வரிசையில். திரையில் அக்கா எழுந்து நின்று “செல்வம்” என்றார். அந்தப் பையன் பதில் சொல்லாமல் நின்ற இடைவெளியில், பின்னால் ஒரு வயதான குரல், தன்னையறியாமல், “இருக்கேன்” என்றது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். காட்சி முடியும்வரை விடவில்லை.

அடுத்த வாரமே அந்தச் சின்னப் போட்டோவை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். சேலையெல்லாம் வேண்டாம், சட்டையோடு இருப்பதை அப்படியே பெரிதாக்கித் தரச் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர், சேலையில் லட்சணமாக இருக்குமே என்றார். இது வேலைச் சட்டை, இதுதான் வேண்டும் என்றேன். இப்போது கூடத்தில் அம்மா கட்டம்போட்ட சட்டையில் இருக்கிறார், கழுத்துப்பட்டையில் பால்கறையோடு. அக்கா சுங்கை ரம்பாயில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போன வருடம் என் வீட்டுக்கு வந்தபோது அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, “எந்தப் பெரட்டுல நின்ன ஆளு?” என்று கேட்டார். அம்மாவின் தோட்டத்தையும் பெயரையும் சொன்னேன். அக்கா அந்தப் பெயரை ஒருமுறை, அதே குரலில், கூப்பிட்டார்.

பழைய படத்தை எறிய மனம் வரவில்லை. அதுவும் நான் செய்ததுதானே. அதைத்தான் யாரும் கட்டாத அந்தச் சேலையில் சுற்றி வைத்திருக்கிறேன். மேல்தட்டில், ஊர் மாறும்போது அக்கா என்னிடம் விட்டுப்போன ரப்பர் பூட்ஸ் இருக்கிறது. தாய் வேடம் போட யாராவது வந்தால், முதலில் கதையில் அந்தத் தாய்க்குப் பேர் என்ன, வேலை என்ன என்று இயக்குநரிடம் கேட்கிறேன். பதில் வந்த பிறகுதான் அலமாரியைத் திறக்கிறேன்.