கழுகுப் பாறையடியில் வெர்லினின் படகு

நான் பொய் சொல்பவன்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பிடித்த மீனின் எடையில் ஒரு பவுண்டு கூட்டியிருக்கிறேன். மீன் எங்கே கிடைத்தது என்று கேட்டவர்களுக்கு எதிர்த்திசையில் கை காட்டியிருக்கிறேன். எங்கள் ஏரியில் தூண்டில் போடுகிற யாரும் இந்த விஷயத்தில் என்னைவிட யோக்கியர் இல்லை.

ஆனால் ஜனவரி பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 8.21 மணிக்கு நான் போனில் சொன்னது பொய் இல்லை. என் கண் முன்னால் இருந்ததைத்தான் சொன்னேன். ஹோபர்ட், அதாவது நான், பொய் சொன்னதால்தான் வெர்லின் செத்தான் என்று ஊர் பேசுகிறது. சர்ச்சில் என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

வெர்லினும் நானும் முப்பது வருடச் சிநேகிதர்கள். கிழக்கு டென்னசியில் குளிர்காலம் வந்தால் மற்றவர்கள் படகுக்கு உறை போட்டுவிடுவார்கள். எங்களுக்கு அப்போதுதான் மீன்பிடி ஜுரம் பிடிக்கும். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன், நாங்கள் செல்லமாகப் பழுப்பன் என்போம், தண்ணீர் உறையப் போகிற குளிரில்தான் பெரிது பெரிதாக அகப்படும். செங்குத்துப் பாறைகளை ஒட்டி, பத்துப் பன்னிரண்டடி ஆழத்தில், அசையாமல் அந்தரத்தில் நிற்கும். வாத்து இறகு கட்டிய சின்ன முள்ளைத் தக்கைக்குக் கீழே பத்தடி விட்டு, நீளக் கோலால் எறிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். குளிரில் மீன் வெடுக்கென்று இழுக்காது. முள்ளை வாயில் வாங்கிக்கொண்டு லேசாக மேலே வரும். நேராக நிற்கிற தக்கை அப்படியே படுத்துவிடும். தக்கை படுத்தால் உடனே கோலைத் தூக்க வேண்டும். தூக்காதவன் மீன்பிடிப்பவனே இல்லை.

எங்களுக்குள் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒருவன் தூண்டில் போடுகிற இடத்தில் இன்னொருவன் முப்பது கெஜத்துக்குள் படகை விடக்கூடாது. இது ஒன்று. யாருடைய மனைவியாவது போன் செய்து "என் வீட்டுக்காரர் உங்ககூட இருக்காரா?" என்று கேட்டால், யோசிக்காமல் "இங்கேதான் இருக்கார்" என்று சொல்லிவிட வேண்டும். இது இரண்டு. உண்மையில் அவன் எங்கேயாவது கடையில் புதுக் கோல் வாங்கிக்கொண்டிருப்பான். வெர்லினுக்காக அவன் மனைவி நீவாவிடம் நான் இருபது தடவையாவது இப்படிச் சொல்லியிருப்பேன். அவனும் என் வீட்டில் சொல்லியிருக்கிறான்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் தூண்டில் கடையில் வெர்லினைப் பார்த்தேன்.

"நாளைக்கு எங்கடா?" என்றேன்.

"கெல்லி கிளை" என்றான். ஏரியிலிருந்து பிரிந்து போகிற ஒரு குறுகிய நீர்க்கிளை அது.

"சரி சரி. அப்ப நீ கெல்லி கிளைப் பக்கம் மட்டும் போக மாட்டேன்னு அர்த்தம்."

"நிஜமாத்தான்டா சொல்றேன், கிழட்டு எருமை."

கடையே சிரித்தது.

மறுநாள் காலை 6.35க்குப் படகுத்துறைக்குப் போனேன். வெர்லினின் டிரக் ஏற்கெனவே நின்றிருந்தது. ட்ரெய்லர் காலி. டிரக்கின் கண்ணாடி முழுக்க உறைபனி. நமக்கு முன்னால் போய்விட்டானே என்று வயிறு எரிந்தது.

காற்று தண்ணீரைவிடக் குளிராக இருந்ததால் ஏரி முழுக்க ஆவி பறந்தது. முன்னால் இருபது முப்பது கெஜம்தான் தெரிந்தது. இரைச்சல் போடாமல் மெதுவாகப் போய், 7.25க்கு, ஏரிக்கரையில் செங்குத்தாக நிற்கிற கழுகுப் பாறைக்கு வந்தேன்.

அங்கே ஒரு படகு நின்றது.

பச்சைப் படகு. பின்பக்கம் அடிபட்டு நசுங்கிய மோட்டார் மூடி. முன் இருக்கையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான் வெர்லின். அதே ஆரஞ்சுக் குல்லாய். அதே கூன்.

"கெல்லி கிளையாமே! புளுகுமூட்டை!" என்று கத்தினேன்.

அவன் திரும்பவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மரியாதையாக முப்பது கெஜம் தள்ளி நின்று நானும் தூண்டில் போட்டேன்.

முதலில் கவனித்தது கோலைத்தான். அந்தக் குளிரில் நாலு தடவை எறிந்தால் கோலின் வளையங்களில் பனி அடைத்துக்கொள்ளும். கோலைத் தண்ணீரில் முக்கி முக்கித்தான் எடுக்க வேண்டும். நான் முக்கிக்கொண்டே இருந்தேன். அவன் ஒரு தடவைகூட முக்கவில்லை. எறிந்துகொண்டே இருந்தான்.

அடுத்து, காற்று. லேசான காற்றுதான், ஆனாலும் என் படகைத் தள்ளிக்கொண்டே போனது. சின்ன மோட்டாரால் திரும்பத் திரும்ப இழுத்து நிறுத்தினேன். அவன் படகு இம்மி நகரவில்லை. மோட்டார் சத்தமும் இல்லை. என் படகு எழுப்பிய அலை போய் அவன் படகில் மோதியது… மோதியதா? படகு ஆடவே இல்லை.

7.50. அவன் தக்கை படுத்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் கோலைத் தூக்கவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். தக்கை படுத்தபடியே கிடந்தது.

"டேய், தக்கை படுத்திருக்கு! தூங்கிட்டியா?"

கோல் நுனிகூட அசையவில்லை.

அவனுக்கு இதய நோய் உண்டு. எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. கிட்டே போகலாமா என்று பார்த்தேன். போனால் மீன் கலைந்துவிடும், அவன் ஆறு மாதம் திட்டுவான். அந்த எண்ணம்தான் என்னைத் தடுத்தது. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

8.06க்குத்தான் பதில் வந்தது.

"குளிருது."

வெர்லினின் குரல்தான். ஆனால் முப்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து வரவில்லை. என் படகை ஒட்டி, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது.

மூடுபனி குரலை இப்படி ஏமாற்றும். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை புகையாக வருகிறது. அவன் குல்லாயைச் சுற்றி… ஒன்றும் இல்லை.

8.21. போன் அடித்தது. நீவா.

"ஹோபர்ட், சும்மா கேக்கல. உண்மையைச் சொல்லுங்க. அவர் உங்ககூட இருக்காரா?"

"என்னம்மா ஆச்சு?"

"எட்டு நாலுக்கு அவர் போன்லேர்ந்து கூப்பிட்டாப்ல இருந்துச்சு. பதினோரு செகண்டு. பேச்சே இல்ல. தண்ணிச் சத்தம் மட்டும். அப்புறம் நான் கூப்பிட்டா போகவே மாட்டேங்குது. மீட்புக்காரங்களைக் கூப்பிடவா? போன தடவை கூப்பிட்டதுக்கு என் மானமே போச்சுன்னு மூணு வாரம் பேசல அந்த மனுஷன்."

போன நவம்பரில் நடந்தது அது. சைரன் அடித்துக்கொண்டு படகில் வந்தார்கள். வெர்லின் டப்பாவைத் திறந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். குல்லாய். கூன். கோல். எல்லாம் அங்கே இருந்தன.

"என் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கான்மா. போன் தண்ணியில விழுந்திருக்கும்."

"சத்தியமா?"

அந்த நொடியில் அவன் பேசினான். திரும்பாமல். மிக மெதுவாக. என் காதுக்குப் பக்கத்தில்.

"இங்கதான் இருக்கேன்னு சொல்லு."

"சத்தியமாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள்.

போனைச் சட்டைப்பையில் செருகினேன்.

"வெர்லின், திரும்புடா" என்றேன்.

அவன் திரும்பவில்லை.

இனி வழக்கமாவது ஒன்றாவது. மோட்டாரை முடுக்கினேன். முப்பது கெஜம். இருபது வினாடிகூட ஆகாது.

ஒரு நிமிடம் ஆயிற்று.

அவன் முப்பது கெஜத்தில்தான் இருந்தான்.

இன்னும் முடுக்கினேன். என் படகுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. பாறை ஓடியது. அவன் மட்டும் கிட்டே வரவில்லை.

தக்கை இன்னும் படுத்தே கிடந்தது.

குல்லாய் அசைந்தது.

மெதுவாக…

திரும்பத் தொடங்கியது…

கண்ணை மூடிக்கொண்டேன்.

டமார்.

என் படகு பாறையில் மோதியது. கண்ணைத் திறந்தால் எதிரே ஈரப் பாறை. வெர்லின் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். அங்கே படகு நிற்கத் தண்ணீரே இல்லை.

8.41.

நீவாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். குளிரில் போன் செத்திருந்தது. துறைக்குத் திரும்பினேன். மூடுபனியில் இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. டிரக்கில் சார்ஜ் போட்டு 9.08க்கு மீட்புக்காரர்களைக் கூப்பிட்டேன். நீவாவிடம் பேசத் தைரியம் வரவில்லை. மீட்புக்காரர்கள் 9.47க்கு வந்தார்கள். மூன்று பேர், ஒரு படகு. அவர்களும் இந்த ஏரியில் தூண்டில் போடுபவர்கள்தான்.

"எங்க போறேன்னு சொன்னார்?" என்று தலைவர் கேட்டார்.

"கெல்லி கிளைன்னான்."

"அப்ப அங்க இருக்க மாட்டார்" என்றார் அவர்.

"இருக்க மாட்டான்" என்றேன் நானும்.

கழுகுப் பாறையில் தொடங்கி, கெல்லி கிளையைத் தவிர எல்லா இடத்திலும் தேடினோம். வேறு இடம் மிச்சமில்லாமல் போனபோது, 11.30க்குக் கெல்லி கிளைக்குள் போனோம். பச்சைப் படகு கவிழ்ந்து கிடந்தது. அடியில் ஒரு மரக்கட்டை இடித்த ஓட்டை. வெர்லின் பாதி உடம்பைப் படகின் மேல் ஏற்றி, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கிடந்தான். குல்லாயில் பனி பூத்திருந்தது. அவன் எனக்கு எந்த இடத்தைச் சொன்னானோ அந்த இடம்தான். முப்பது வருடத்தில் அவன் உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

காலையில் நான் பார்த்தது அவன் ஆவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருட்டில் கவிழ்ந்து செத்திருப்பான், சிநேகிதனிடம் விடைபெற வந்திருப்பான். அந்த நினைப்பு ஒன்றுதான் எனக்கு ஆறுதல். நீவாவுக்கு வந்த போனை மட்டும் நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஊர் என்னை ஏசியது. சவ அடக்கத்தில் நீவா என்னோடு பேசவில்லை.

மார்ச் மாதம் ஒரு மத்தியானம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. படியிலேயே நின்று தன் போனை நீட்டினாள். திரையில் மேலும் கீழுமாக ஒரு சிவப்புக் கோடு.

"அவர் கைக்கடிகாரத்துல இருந்தது. நாடித் துடிப்பை எழுதி வெக்கிற கடிகாரம். இப்பத்தான் என் தங்கச்சி திறந்து காட்டினா."

கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"எட்டு இருபத்தொண்ணு. நூத்திப் பதினெட்டு. கடைசித் துடிப்பு பத்து முப்பத்தேழு."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. எட்டு இருபத்தொன்றுக்கு வெர்லின் சாகவில்லை. கழுகுப் பாறையிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், தண்ணீரில், உயிரோடு இருந்தான். அப்படியானால் நான் பார்த்தது அவன் ஆவி இல்லை.

"நான் பொய் சொல்லல, நீவா. அங்க ஒண்ணு உக்காந்திருந்துச்சு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், நம்பு."

"தெரியும்" என்றாள்.

அவள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க சத்தியத்தை நம்பி நான் போனை வெக்கல. உங்க சத்தியம் எனக்குத் தெரியாதா? நீங்க என்ன சொன்னாலும் மீட்புக்காரங்களைக் கூப்பிடறதுன்னு, நம்பரை எழுதி மேஜை மேல வெச்சுக்கிட்டுத்தான் உங்ககிட்ட பேசினேன்."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

"அவர் குரல் கேட்டுச்சு. 'இங்கதான் இருக்கேன்னு சொல்லு'ன்னு."

"ஆமா… அது என் காதுகிட்ட சொல்லிச்சு. உனக்குப் போன்ல கேட்டிருக்கு."

நீவா இல்லை என்று தலையாட்டினாள்.

"போன்ல கேக்கல, ஹோபர்ட். என் சமையல்கட்டுல கேட்டுச்சு. எனக்குப் பின்னாடி. அவர்தான் பின்வாசல் வழியா வந்துட்டார்னு நெனச்சு, திரும்பிக்கூடப் பாக்காம, அவருக்குக் காப்பி போட ஆரம்பிச்சேன்."