கிழித்தெடுத்த தாள்

சின்ன காஞ்சிபுரத்து அரசுப் பள்ளி ஒன்றில் சங்கரி பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். நெசவு வீட்டில் பிறந்த மூன்று பெண்களில் பட்டம் வாங்கியது அவள் ஒருத்திதான். வேறு வகுப்பில் அடிதடி நடந்தால், "சங்கரி மேடம் க்ளாஸ்ல போய்ப் பாருங்க, குண்டூசி விழுந்தா கேக்கும்" என்பார் தலைமையாசிரியர் கலியாணசுந்தரம். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அதைக் காப்பாற்ற அவள் பார்வை ஒன்றே போதும் என்று நம்பினாள்.

அந்த வருடம் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் அஜித் என்று ஒரு பையன் இருந்தான். ஒல்லி. கணக்கில் எழுபதைத் தொடுவான். அவன் அப்பா பூவராகவன் சாவுக்கு மேளம் அடிக்கப் போகிறவர். அஜித் பதில் சொல்ல எழுந்தால் பின்பெஞ்சில் யாராவது விரலால் மேசையைத் தட்டுவார்கள். சாவு மேளத்தின் அடி அது. தட்டியவர்களில் முன்னால் நின்றவன் கதிர்வேல். அவன் வீடும் நெசவு வீடுதான். சங்கரிக்குத் தூரத்துச் சொந்தம். அவன் அம்மா மஹாலட்சுமி அவளை வாய் நிறைய "அக்கா" என்பாள்.

"சத்தம் போடாதீங்க" என்று போர்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுச் சங்கரி அடுத்த கணக்குக்குப் போய்விடுவாள்.

நவம்பரில் கதிர்வேலின் தாத்தா இறந்துபோனார். ஊர்வலத்தில் மேளம் அடித்தவர் பூவராகவன். அவர் ஆடியதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் அது வகுப்பிலிருந்த எல்லாப் பையன்களின் வீட்டுப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியட். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது பாடம். சங்கரி போர்டில் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் மேசை தட்டும் சத்தம். கூடவே கதிர்வேலின் குரல்: "உங்கப்பா செம்மயா ஆடுனாருடா. அடுத்த சாவுக்கு நீயும் வர்றியா?"

அலறல் கேட்டுத் திரும்பினாள். கதிர்வேல் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்துகொண்டிருந்தான். விரலிடுக்கில் ரத்தம். அஜித் ஓடவில்லை. கையிலிருந்த காம்பஸை டப்பாவில் வைத்து மூடினான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஆம்புலன்ஸ் போனது. போலீஸ் வந்து அஜித்தை அழைத்துப் போனது. சாயங்காலம் ஆசிரியர் அறையில் சங்கரி மட்டும் இருந்தாள். திருத்தி முடிக்காத நோட்டுகள் மேசை மேல் கிடந்தன. அஜித்தின் நோட்டை உருவி எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

'மிஸ், என்ன வேற பெஞ்சுக்கு மாத்துங்க. இவங்க தட்டித் தட்டி கேலி பண்றாங்க.' ஜூலையில் எழுதியது. அதன் கீழே சிவப்பு மையில் அவள் கையெழுத்து: 'பாடத்தில் கவனம் செலுத்து.'

அடுத்தது செப்டம்பர். 'மிஸ், எங்கப்பாவ பத்தி பேசறாங்க. எனக்கு ரொம்ப கோவம் வருது. ப்ளீஸ் மிஸ்.' அதற்கு ஒரு டிக் மட்டும். நாற்பத்தைந்து நோட்டு திருத்துகிற கை தன்பாட்டுக்குப் போட்ட டிக்.

மூன்றாவது அவள் பார்க்காதது. முந்தின நாள் எழுதியிருந்தான். 'இனிமே சொல்ல மாட்டேன் மிஸ்.'

சங்கரி கதவைப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளைக் கிழித்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். கடைசித் தாள் போனதும் அதற்கு ஜோடியான முதல் தாளும் பிடிப்பில்லாமல் கழன்று நின்றது. அதை உள்ளே தள்ளி நோட்டை மூடினாள்.

மறுநாள் விசாரணை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பிரியதர்ஷினி என்ற ஆலோசகர் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. "பையன் முன்னாடி எதாவது கம்ப்ளைன்ட் பண்ணியிருக்கானா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் சங்கரி.

பிரியதர்ஷினி அஜித்தின் நோட்டைப் புரட்டினாள். முதல் தாள் அவள் மடியில் விழுந்தது. "கடைசில ஒரு தாள் காணோமே?"

"பசங்க ராக்கெட் உடறதுக்குக் கிழிப்பாங்கம்மா" என்று கலியாணசுந்தரம் சிரித்தார். சங்கரியும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவளால் கைப்பையைத் திறக்கவே முடியவில்லை. பஸ்ஸுக்குச் சில்லறையைக்கூடப் புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். கதிர்வேலை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மஹாலட்சுமி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். "கண்ணு பாதிதான் தெரியுமாம்க்கா. அந்தப் பையன உடக் கூடாதுக்கா." இந்தக் கண்ணைக் காப்பாற்ற ஜூலையிலேயே ஒரு பெஞ்சு மாற்றியிருந்தால் போதும். சங்கரி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நாலாம் நாள் மதியம் பள்ளி கேட்டுக்கு வெளியே பூவராகவன் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, எம்புள்ள பண்ணது தப்புதான். அந்தப் புள்ள கால்ல உழறதுக்குக்கூட நான் ரெடி. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா…"

"நான் என்னங்க எழுதறது?"

"உங்களப் பத்திதாம்மா ஊட்ல பேசிக்கினு இருப்பான். நான்தான் ஸ்கூல்ல வந்து கேக்கறேன்னு சொன்னேன். வேணாம்பா, சங்கரி மிஸ்கிட்ட சொல்லிட்டேன், அவங்க பாத்துப்பாங்கன்னான்." அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நன்றி சொல்வது போலத்தான் சொன்னார்.

அன்று சங்கரி மதிய வகுப்புக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்துப் பிரியதர்ஷினியின் அலுவலகத்துக்குப் போனாள். மடித்த தாளை மேசை மேல் வைத்தாள்.

"நான்தான் கிழிச்சேன்."

பிரியதர்ஷினி தாளை விரித்து மூன்றையும் படித்தாள். திட்டுவாள் என்று சங்கரி எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அஜித் எங்கிட்ட இத சொல்லவே இல்ல மேடம். மிஸ்ஸுக்குப் பிரச்சினையாயிடும்னு நெனச்சானோ என்னவோ" என்றாள் அவள். தாளை ஃபைலில் வைத்துவிட்டு, "கதிர்வேல்கிட்டயும் பேசினேன். நீ ஏன் அவனத் தட்டித் தட்டிக் கேலி பண்ணேன்னு கேட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"வீட்ல அப்பா எல்லார் முன்னாடியும் அடிப்பாராம். ஸ்கூல்ல இவன் தட்டினா எல்லாரும் சிரிப்பாங்களாம், அது நல்லா இருக்குமாம். ஒரு தடவ மிஸ்ஸும் சிரிச்சாங்க, அதனால தப்பில்லன்னு நெனச்சேன்னான்."

சங்கரி மறுக்க வாயெடுத்தாள். அதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. ஆகஸ்ட் மாதம், மின்சாரம் போன புழுக்கமான மதியம். தட்டிய தாளம் அத்தனை கச்சிதமாக இருந்தது. வகுப்பே சிரித்தது. அவள் உதடும் விரிந்தது. எழுந்து நின்றிருந்த அஜித் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். தாளைக் கிழித்தாவது மறைக்க முடிந்தது. இதை எங்கே மறைப்பது?

"அதையும் எழுதிக்கோங்க" என்றாள்.

சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அஜித் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனை வைத்திருந்த கூர்நோக்கு இல்லத்தில் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வெளியே வராந்தாவில் அவளே அவனிடம் போனாள்.

"நீங்க படிச்சீங்களா மிஸ்?" என்று கேட்டான்.

"ரெண்டு படிச்சேன்பா."

"படிக்காமலே எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்." அவன் குரல் உடைந்தது. "படிக்கலன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

பூவராகவன் வந்து அவன் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அஜித்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு முறை ஆலோசகரிடம் வர வேண்டும், படிப்பைத் தொடர வேண்டும் என்றார்கள். வேறு பள்ளியில் சேர்ந்து பத்தாவது எழுதினான். கதிர்வேலுக்கு டாக்டர்கள் சொன்ன பாதிப் பார்வையும் தேறவில்லை; இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அவனும் அதே ஆலோசகரிடம்தான் போகிறான். இருவரும் ஒருமுறை அங்கே எதிரெதிரே வந்தபோது ஒன்றும் பேசவில்லை, ஆனால் ஒதுங்கியும் போகவில்லை என்று பிரியதர்ஷினி சொன்னாள். மஹாலட்சுமி இப்போது சங்கரியைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். "சொந்தக்காரப் புள்ள கண்ணு போயிருக்குது, அந்தப் பையனுக்குச் சாட்சி சொல்லினு வந்துட்டியே" என்று ஒருநாள் கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். சங்கரி நின்று கேட்டுக்கொண்டாள்.

கல்வித் துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பின்னாலேயே மாகறல் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. அங்கே வாரத்தில் ஒரு பீரியட் கணக்கு இல்லை என்று வைத்திருக்கிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். பாதிப் பேர் ஒன்றும் சொல்வதில்லை. சொல்கிற பாதியில் சிலவற்றுக்கு என்ன செய்வதென்று அவளுக்கே தெரிவதில்லை. உடனே பிரியதர்ஷினிக்குப் போன் போடுகிறாள்.

சென்ற மாதம் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பிரியதர்ஷினி அவளைப் பேச அழைத்தாள். நாற்பது ஆசிரியர்கள். பெஞ்சு, நோட்டு, தாள், சிரிப்பு என ஒன்று விடாமல் சொன்னாள். சிரித்ததைச் சொல்லும்போது மட்டும் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

கடைசி வரிசையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியை எழுந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அந்தப் பையனுக்கு வலிக்குதுன்னு உங்களுக்கு அப்ப தெரியலையா மேடம்?"

"தெரிஞ்சுது" என்றாள் சங்கரி.